உடைத்து அழித்த பெயர்

"அங்கேயே நில்லுங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவன் அப்படியே நின்றான். ஒரு கால் கடைக்குள்ளே, ஒரு கால் மழையில்.

"இன்னாங்க…?"

"தலையில இருந்து தண்ணி சொட்டுது. கீழ பாருங்க… நாளைக்குக் குடுக்க வேண்டிய பத்திரிகை."

அவன் குனிந்து பார்த்தான். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள் தரை முழுக்கப் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. மின்விசிறிக் காற்றில் அவற்றின் ஓரங்கள் மெல்லத் துடித்தன.

"இத்தினி பேருக்குக் கல்யாணமா?"

"ஒரே கல்யாணம்தாங்க. இருநூறு பத்திரிகை."

சிரிக்கக் கூடாது என்றுதான் மஹிமா நினைத்திருந்தாள். உதடு கேட்கவில்லை.

ஆரணி காந்தி ரோட்டில், தனகோடியின் அச்சுக்கடையில் அவள் கணினி தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. முதலாளி டீ குடிக்கப் போயிருந்தார். ஐப்பசி மழை பிற்பகல் மூன்று மணிக்கே தெருவை இருட்டாக்கியிருந்தது. கணினித் திரையின் நீல வெளிச்சம் ஒன்றுதான் கடைக்குள் விளக்கு.

அவள் திரைமேல் போர்த்தும் வெள்ளைத் துணியை எடுத்து நீட்டினாள். "தலையைத் துவட்டிக்கோங்க."

"கம்ப்யூட்டருக்கு?"

"அதுக்குச் சளி பிடிக்காது."

அவன் துவட்டிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கண்களைப் பார்த்தாள். பெரிய கண்கள்… ஆனால் பல நாள் உறங்காத கண்கள். மழையில் நனைந்த சிவப்பு இல்லை அது. எதையோ பார்த்துப் பயந்துவிட்டு, அதை வீட்டில் யாருக்கும் காட்டாமல் மறைத்து வைத்திருக்கிற சிவப்பு.

சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான். உறைக்குள் மடித்த தாள்.

"இத கொஞ்சம் பாருங்க. இது உங்க கடையில அடிச்சதுதானா?"

மஹிமா தாளைப் பிரித்தாள்.

கறுப்பு எழுத்துகள். ஒவ்வோர் எழுத்துக்கும் இடையில் ஒரு குறி… சிலுவை போல, வளையம் போல, முள் போல. சொற்களைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்த பூச்சிகள் போல. நடுவில், பெரிய எழுத்தில், ஒரு வரி.

லோ¤க†நா#த§ன்

அவள் தாளைத் திரை வெளிச்சத்துக்கு அருகே கொண்டுபோனாள்.

இது அவளுக்குத் தெரியும். இந்தக் குறிகள் எப்படி வந்தன என்றும் தெரியும். போட்டவள் அவள்தான்.

மஹிமாவின் வீட்டார் நயினார்கள், பரம்பரைச் சமணர்கள். எழுத்துள்ள தாளை மிதிக்கக் கூடாது, எழுத்தை அவமதித்தால் அறிவையே அவமதித்த பாவம் என்று சொல்லித்தான் அம்மா ரத்னாவதி அவளை வளர்த்தாள். வருடத்தில் ஒரு நாள் வீட்டில் புத்தகங்களுக்குப் பூசை. அப்படி வளர்ந்த பெண்ணுக்கு அச்சுக்கடையில் கிடைத்த வேலை பெயர்களைத் தட்டுவது. வேலை முடிந்ததும் அந்தப் பெயர்களை அழிப்பது.

முதல் முறை ஒரு குழந்தையின் பெயர் சூட்டு விழாப் பத்திரிகையை அழிக்கச் சொன்னபோது அவளால் முடியவில்லை. முழுசாக இருக்கிற ஒரு பெயரை, உயிரோடு இருக்கிற ஒரு பெயரை, ஒரு பொத்தானில் எப்படி இல்லாமல் ஆக்குவது?

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அழிப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொள்வாள். விரல் போன போக்கில் எழுத்துகளுக்கு இடையே குறிகளைப் போடுவாள். பெயர் கலைந்துவிடும். அது பிறகு யார் பெயரும் இல்லை. மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு அழிப்பாள். யாருக்கும் தெரியாத சின்ன வழிபாடு அது.

ஆடி மாதம் அப்படித்தான் இந்தப் பத்திரிகையையும் கலைத்தாள். பெண் வீட்டு மாமா வந்து, "கல்யாணம் நின்னு போச்சும்மா, அழிச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அழித்தாளே… இது எப்படிக் காகிதமாகி வெளியே வந்தது?

"உங்க பேரு…?" என்றாள், தெரிந்துகொண்டே.

"அதுலயே இருக்குது பாருங்க. லோகநாதன். கொசப்பாளையம். தறி நெய்யறேன்."

முகம் தெரியாமல் தட்டிய பெயர். முகம் தெரியாமல் உடைத்த பெயர். அது இப்போது ஈரச் சட்டையோடு எதிரே நிற்கிறது.

"என்னைக் கட்டிக்கிறதா இருந்த பொண்ணுக்கு செய்யார் கம்பெனியில வேலை பாக்கற மாப்பிள்ளை கெடைச்சாரு. போச்சு. அது பரவால்லைங்க." அவன் குரலில் கசப்பு இல்லை. "முகூர்த்தப் புடவை தறியில பாதியில நின்னுகினு இருந்துது. பாவு நூலை அறுத்துட்டு வேற ஏத்துனு எல்லாரும் சொன்னாங்க. மனசு வரல. நெய்ஞ்சு முடிச்சு, மடிச்சு, பரண்ல வெச்சிட்டேன். போன வாரம் எங்கம்மா அதை எடுத்து விரிச்சாங்க… மடிப்புக்குள்ள இது. ரெண்டு தாள்."

"மடிப்புக்குள்ளயா?"

"புடவை மடிப்பு கலையாம இருக்க வேஸ்ட் பேப்பர் வெப்போங்க. எங்க தறி நாடாவுக்கு நூல் தார் சுத்தறவங்க, பாஞ்சாலைனு பேரு, அவங்கதான் போய் வாங்கியாந்து மடிச்சுக் குடுத்தாங்க. எங்கம்மா இன்னா சொல்றாங்கன்னா… செய்வினை. எம்பேரை எழுதி, அதுக்குள்ள மந்திரத்த எறக்கி, புடவையில வெச்சிட்டாங்களாம்." அவன் தாளைப் பார்க்காமல் மழையைப் பார்த்தான். "எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா இதைப் பாக்கறப்ப… எம்பேரு தொண்டையில முள்ளு குத்திகினு கெடக்கற மாதிரி இருக்குதுங்க. பாஞ்சாலை உங்க கடையில வாங்கினதா சொல்றாங்க. நீங்க ஆமானு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அம்மாவைச் சமாதானப்படுத்திடுவேன்."

ஒரு வார்த்தை.

இவனுக்கு உறக்கம் இல்லாமல் செய்தது நான்தான் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கண்கள் என்னை எப்படிப் பார்க்கும்…?

"எங்க கடையில அடிச்சது இல்லீங்க" என்றாள் மஹிமா.

அவன் தலையசைத்தான். தாளை மடித்தான். வெள்ளைத் துணியை நான்காக மடித்து மேசையில் வைத்தான். பத்திரிகைகளை மிதிக்காமல், சுவரோரமாகக் கால் வைத்து வெளியே போனான்.

எழுத்தை மிதிக்காமல் போகிறான்.

தனகோடி திரும்பி வந்ததும் கேட்டாள். "சார், ஆடி மாசம் ஏதாச்சும் தாள் தப்பா பிரிண்ட் ஆச்சா?"

"அத ஏன் கேக்கற பாப்பா. ஒரு நாள் காலையில கம்ப்யூட்டரைப் போடறேன், பிரிண்டர் தானாவே கர்கர்னு ரெண்டு தாளைத் துப்புது. யாருமே தொடல. பேய் பூந்துகிச்சோனு பயந்துட்டேன். கண்ணாடி வேற இல்ல, இன்னா ஏதுனு படிக்கல. வேஸ்ட்டுல போட்டேன்."

அந்த நாள் அவளுக்கு நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குறிகள் போடும்போது ஏதோ இரண்டு பொத்தான்கள் ஒன்றாக அழுந்தி, அதை அச்சுக்கு அனுப்பியிருக்க வேண்டும். உடனே மின்சாரம் போயிற்று. மறுநாள் அவள் வருவதற்குள், மிச்சம் வைத்த வேலையை இயந்திரம் முடித்திருக்கிறது. அவளுக்குத் தெரியாமல்.

அன்று மாலை வரை அவள் தட்டிய பெயர்கள் எல்லாம் திரையில் லேசாக நடுங்குவது போலத் தெரிந்தன. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே எதுவோ நுழையக் காத்திருப்பது போல…

*

மூன்றாம் நாள் அவன் மறுபடியும் வந்தான். இந்த முறை வாசலிலேயே தலையைத் துவட்டிக்கொண்டான்.

"உள்ள வரலாமா? இல்ல, இன்னைக்கும் தரையில யாராச்சும் கல்யாணம் பண்ணிகினு இருக்காங்களா?"

"வாங்க. இன்னைக்குத் தரை காலிதான்."

கையளவு பட்டுத் துண்டு ஒன்றை மேசையில் வைத்தான். அரக்கு நிறக் கரை. அதில் ஜரிகை மாங்காய்கள் வரிசையாக. ஆனால் மாங்காய்க்கும் மாங்காய்க்கும் நடுவே, இருக்கக் கூடாத இடத்தில், ஒரு பொன் இழை துருத்திக்கொண்டிருந்தது. அடுத்த வரியில் வேறோர் இடத்தில். அதற்கடுத்த வரியில் இரண்டு. குறிகள் போல… எழுத்துகளைப் பிளந்த அதே குறிகள் போல.

மஹிமா நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினாள்.

"இது எப்படி…?"

"அந்தத் தாளைப் பார்த்த மறுநாள்ல இருந்து தறியில இப்படித்தான் விழுது. காரணம் எனக்குத் தெரியும். மேல ஓடு ஒழுகுது. டிசைன் அட்டை ஊறிப் போச்சு. அட்டையில ஓட்டைக்கு ஓட்டை நடுவுல கிழிஞ்சா, எழும்பக் கூடாத இழை எழும்பிடும். அவ்ளோதான். ஆனா எங்கம்மா இதையும் அதையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டாங்க. அன்னையில இருந்து தறியை ஓட்ட விடறது இல்ல."

அவள் பட்டைத் தொடவில்லை. அதை அவன் கவனித்தான்.

"பயமா?"

"அதில்ல. எங்க வீட்ல பட்டு தொடறது இல்லீங்க. பூச்சியைக் கொதிக்க வெச்சு எடுக்கறதுனு…"

"அப்ப நான் உங்களுக்குக் கொலைகாரன்."

"நான் அப்படிச் சொல்லலையே."

"உங்க முகம் சொல்லிச்சு."

"என் முகத்துக்கு வேலை இருக்குங்க. சும்மா பேசிட்டு இருக்காது."

அவன் சிரித்தான். பல நாள் கழித்துச் சிரிக்கிறான் என்பது சிரிப்பு வந்த வேகத்திலேயே தெரிந்தது. உடனே வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டான். வெளியே மழை ஓய்ந்து, கூரை விளிம்பில் கடைசிச் சொட்டுகள் தொங்கின. விழலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல…

இப்போது சொல்லிவிடு என்றது மனசு. இப்போதே.

"இன்னா… ஏதோ சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க."

அவன் போன பிறகு நாற்காலியில் ஒரு சின்ன ஈரம் இருந்தது. அதைத் துடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இது என்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

*

சனிக்கிழமை வந்தபோது அவன் உட்காரவே இல்லை.

"பாஞ்சாலையை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க."

"யாரு?"

"எங்கம்மா. அந்தப் பொண்ணு சம்பந்தத்தைக் கொண்டாந்ததே பாஞ்சாலைதான். தாளை வாங்கியாந்ததும் அவங்கதான். கடைக்காரங்களே எங்களுது இல்லைன்ட்டாங்கன்னு நான் போய்ச் சொல்லிட்டேன் பாருங்க… அது போதும். பொய் சொல்றா, அவதான் வெச்சான்னு தெருவெல்லாம் பேச்சு. ஒருத்தரும் இப்ப அவங்களைத் தார் சுத்தக் கூப்பிடறது இல்ல. எதிர்ல வந்தா கதவைச் சாத்தறாங்க. இருபது வருஷமா எங்க வீட்ல சோறு தின்னவங்க. பேஜாரா இருக்குதுங்க. எனக்கென்னமோ அவங்க பண்ணலைனுதான் தோணுது. ஆனா பேப்பர் எங்க இருந்துதான் வந்துது?"

அவன் கேட்டுவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் இறங்கிப் போனான்.

மஹிமா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். யாருடைய பெயருக்கும் கெடுதல் வரக் கூடாது என்றுதானே எழுத்துகளைக் கலைத்தாள். இப்போது, பார்த்தே அறியாத ஒருத்தியின் பெயரைத் தெருவே கலைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் காரணம் அவள் சொன்ன ஒரு வரி.

சொன்னால் அவன் இனி இந்தக் கடைப் படி ஏற மாட்டான்.

சொல்லாவிட்டால்…?

அருகன் கோயிலில் அன்று மாலை வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பாஞ்சாலை என்ற பெயரை மட்டும் மனசுக்குள், ஓர் எழுத்தும் பிசகாமல், திரும்பத் திரும்பச் சொன்னாள்.

*

ஞாயிறு காலை பத்து மணி. வானம் சாம்பல் பூசியது போல இருந்தது. கொசப்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்காத வீடு ஒன்றுதான். அதனால் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. சத்தம் எங்கே நிற்கிறதோ, அங்கே நின்றாள்.

உள்ளே அரையிருட்டு. தறியின் மேலிருந்து நூற்றுக்கணக்கான நூல்கள் அசையாமல் தொங்கின. தறிக்கட்டையில் வேப்பிலை. நடுக்கூடத்தில் ஒரு சிவப்புப் புடவை விரித்தபடி கிடந்தது. அதன்மேல் ஒரு தாள். தாளின்மேல் ஓர் உலக்கை. அதைச் சுற்றி மஞ்சள் நீர் தெளித்த வட்டம். பல நாளாக அந்த வட்டத்துக்குள் யாரும் கால் வைக்கவில்லை என்று பார்த்த உடனே தெரிந்தது. படுத்திருக்கிற ஓர் ஆளைச் சுற்றிப் போவது போலத்தான் வீட்டார் அதைச் சுற்றிப் போயிருக்கிறார்கள்.

சுவரோரம் சாய்ந்திருந்தவள் லோகநாதனின் அம்மா பூங்காவனம். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது.

லோகநாதன் உள்ளிருந்து வந்து திகைத்தான். "நீங்க இன்னா இங்க…?"

"யாருடா?" என்றாள் பூங்காவனம்.

"பாஞ்சாலை சொன்ன அச்சுக்கடைம்மா. கம்ப்யூட்டர் அடிக்கறவங்க."

"படிச்ச பொண்ணா?" பூங்காவனம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப அதுல இன்னா எழுதியிருக்குதுனு படி கண்ணு. என் வீட்டுக்காரர் பேரும் அதுல இருக்குதுனு சொல்றான். செத்துப்போன மனுசனைக் கூட விடலையே. இன்னா சாபம் போட்டிருக்காங்கனு நான் கேட்டுக்கணும்."

"வேணாம்மா" என்றான் அவன்.

மஹிமா செருப்பை வாசலிலேயே விட்டிருந்தாள். மஞ்சள் வட்டத்துக்குள் கால் வைத்தாள். பூங்காவனம் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. உலக்கையை நகர்த்தினாள். தாளை எடுத்தாள். பட்டில் அவள் விரல் பட்டது… பிறந்ததிலிருந்து முதல் முறையாக.

குறிகள் அவளையே பார்த்தன. முள், வளையம், சிலுவை. ஒவ்வொன்றையும் தாண்டி, அடியில் இருந்த எழுத்தைத் தொட்டுத் தொட்டு, அவள் மெல்லப் படிக்கத் தொடங்கினாள்.

"நிகழும்… மங்களகரமான… தாரண வருடம்… ஆவணி மாதம்…"

தறியில் தொங்கிய நூல்கள் கூடக் கேட்பது போல…

"…கொசப்பாளையம், தெய்வத்திரு இராஜமாணிக்கம், பூங்காவனம் இவர்களின் அன்புக் குமாரன்… திருவளர்ச்செல்வன் லோகநாதன்…" அவள் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. "…தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து, மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்."

தாளை இறக்கினாள்.

"இதுல சாபம் ஒண்ணும் இல்லம்மா. உங்க பையன் கல்யாணப் பத்திரிகை. பெண் வீட்டுக்காரங்க எங்க கடையிலதான் அடிக்கக் குடுத்தாங்க. நடுவுல இருக்கிற குறி எல்லாம்… நான் போட்டது."

லோகநாதன் அசையவில்லை.

"நீயா? எம்புள்ள பேரை நீ எதுக்கு உடைச்ச?"

"அழிக்கச் சொன்னாங்கம்மா. முழுசா இருக்கிற பேரை அப்படியே அழிக்க எனக்கு மனசு வராது. ஒரு ஆளையே இல்லைனு ஆக்கற மாதிரி இருக்கும். அதான் கண்ணை மூடிக்கிட்டு எழுத்தைக் கலைச்சிட்டு, இது யார் பேரும் இல்லைனு சொல்லிட்டு, அப்புறமா அழிப்பேன். கை தவறி அச்சாகி, வேஸ்ட் பேப்பரோட கலந்து உங்க வீட்டுக்கு வந்துடுச்சு. பாஞ்சாலையம்மாவுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. அவங்க சொன்னது நிஜம். நான் சொன்னதுதான் பொய்."

பூங்காவனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தூறலில் வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள்.

கூடத்தில் இருவர் மட்டும்.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"தலை துவட்டத் துணி குடுத்தீங்களே… அப்பவா?"

"அதுக்கப்புறம் ஒரு நிமிஷத்துல."

"ஒரு வார்த்தைதானேங்க நான் கேட்டேன்." அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பாள். தறிப்பக்கம் திரும்பி, வேப்பிலையை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினான். "மூணு தரம் வந்தேன்."

வாசலில் பூங்காவனத்தின் குரலும் இன்னொரு குரலும் கேட்டன. பாஞ்சாலை மெலிந்த, உயரமான பெண். பூங்காவனம் அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு என் பேரையே எழுத வராது, பூங்காவனம். உன் புள்ள பேருக்குள்ள நான் எதைக் கொண்டுபோய் நுழைக்கறது? அதை யோசிச்சியா நீ?"

"யோசிக்கல. புத்தி கெட்டுப் போச்சு."

"ஒன்பது நாளா சோறு தின்னலியாமே. சாவறதுக்கா?"

"நீ போடு, தின்றேன்."

பாஞ்சாலை புடவையைச் சுற்றியிருந்த மஞ்சள் வட்டத்தைக் காலால் தேய்த்து அழித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டபடி மஹிமா வெளியேறினாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

*

எட்டு நாள் அவன் வரவில்லை.

ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்குத் தெரு இருட்டும். கதவு சத்தமிடும். அது காற்றாக இருக்கும். வெள்ளைத் துணி மடித்தபடியே மேசையில் கிடந்தது. திரையை அவள் துப்பட்டாவால் மூடினாள்.

தனகோடியிடம் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டாள். வேலை போய்விடும் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எம்பேரை அழிக்கறப்பவும் அப்படியே பண்ணும்மா" என்றார். அதோடு சரி.

ஒன்பதாம் நாள், மழை கொட்டிக்கொண்டிருந்த நான்கு மணிக்கு, கதவு திறந்தது.

"நிக்கணுமா? வரலாமா?"

அவள் எழுந்து நின்றாள். வெள்ளைத் துணியை நீட்டினாள். அவன் துவட்டிக்கொண்டான். கண்களில் சிவப்பு இல்லை… உறங்கியிருக்கிறான்.

"தறி ஓடுதா?"

"ஓடுது. புது அட்டை கட்டியாச்சு. பாஞ்சாலை வந்துகினு இருக்காங்க. எங்கம்மாவை நாள் பூரா திட்டறாங்க, அம்மா சந்தோசமா கேட்டுக்கறாங்க." சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தான். "ஒரு தாள் அடிக்கணும். பெரிய எழுத்துல."

சீட்டைத் தலைகீழாக மேசையில் வைத்தான். மஹிமா உட்கார்ந்தாள். திருப்பினாள்.

பென்சிலில், நெய்கிறவனின் ஒழுங்கான கையெழுத்தில், இரண்டே பெயர்கள். ஒன்று அவனுடையது. இன்னொன்று…

அவள் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன.

"அடிங்க" என்றான் மெதுவாக. "பேரை உங்க முதலாளிகிட்ட கேட்டுகினேன்."

அடித்தாள். லோகநாதன். ஓர் இடம் விட்டாள். பிறகு தன் பெயரை, ஏதோ அந்நியப் பெயரைத் தேடித் தட்டுவது போல, ஒவ்வோர் எழுத்தாக. அச்சுக்குக் கொடுத்தாள்.

திரை செத்தது. மின்விசிறி முனகி நின்றது. காந்தி ரோடு முழுக்க இருட்டு. மழைச் சத்தம் மட்டும் கடைக்குள் நிறைந்தது.

இருட்டில் அவன் குரல் வந்தது. முகம் தெரியாததால் அவனுக்குத் துணிச்சல் வந்திருக்க வேண்டும்.

"கோவமாத்தான் இருந்தேன். தறியில உக்காந்து யோசிச்சுகினே இருந்தேன். கட்டிக்கறதா இருந்த பொண்ணு என் பேரை ஒரே வார்த்தையில அழிச்சிட்டுப் போச்சு. மொகமே பார்க்காத ஒருத்தி, அதை அழிக்க மனசு வராம, கண்ணை மூடிகினு உக்காந்திருக்கா. எனக்குப் பாவு நூலை அறுக்க மனசு வரல. உங்களுக்கு எழுத்தை அழிக்க வரல. அப்பறம் எங்க போய் கோவப்படறது?"

அவள் கன்னத்தில் ஏதோ வழிந்தது. இருட்டு நல்லது என்று நினைத்தாள்.

"பேசுங்க. இருட்டுல நான் மட்டும் பேசினா பயமா இருக்குது."

"நான்… பொய் சொன்னேன்."

"அப்பறம் உலக்கையை நகர்த்தினீங்க. எங்க தெருவுல எந்த ஆம்பளையும் பண்ணல."

"ஏன் பொய் சொன்னேன் தெரியுமா?" அவள் குரல் மழைக்குள் ஏறக்குறைய கரைந்தது. "சொன்னா நீங்க மறுபடியும் வர மாட்டீங்கனு. வந்து நின்ன அஞ்சாவது நிமிஷத்துலயே அந்தப் பயம் வந்துடுச்சு."

இருட்டில் அவன் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"எங்க வீட்ல பட்டு கிடையாது" என்றாள்.

"பருத்தி நூல்லயும் தறி ஓடும்ங்க."

"எங்கப்பா சம்மதிக்க நாளாகும். வருஷம் கூட ஆகும்."

"பாவு ஏத்தினவனுக்குக் காத்திருக்கத் தெரியும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. அஞ்சு மணிக்கு முன்னாடியே வந்துடுங்க."

"ஏன், ராகு காலமா?"

"பொழுது சாஞ்சா எங்க வீட்ல யாரும் சாப்பிட மாட்டோம். அப்பறம் நீங்க பட்டினியாத்தான் திரும்பிப் போகணும்."

அவன் சிரித்த அதே கணம் விளக்கு வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

மஹிமா கணினியை உயிர்ப்பித்தாள். திரை நீலமாக விழித்தது. யாரும் எதையும் தொடவில்லை. மூலையில் அச்சுப்பொறி, தூக்கத்தில் பேசுவது போல, தானாகக் கரகரத்தது. ஒரு தாள் மெல்ல வெளியே வந்தது.

அவள் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓர் எழுத்து விடாமல் பார்த்தாள். முள் இல்லை. சிலுவை இல்லை. நடுவில் ஒன்றும் இல்லை.

நனைந்த குடையோடு தனகோடி படியேறி வந்தார். "இன்னா பாப்பா, மறுபடியும் தானாவே அடிக்குதா?"

"ஆமா சார்" என்றாள் மஹிமா, தாளை மார்போடு சேர்த்துக்கொண்டு. "இந்தத் தடவை சரியா அடிச்சிருக்கு."